வக்காலத்து யார் கொடுத்தது?

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நம் பத்திரிகைகளில் பதில் என்பது பதிலுக்குப் பதில், அதற்கும் பதில் என்று மூன்று இதழ்களைத் தின்றுவிட்டு, கடைசியில் யார் யாருக்குக் கடிதம் போடுவதில்லை என்பதில் போய் முடியும். ஆனால் நண்பர் எழுதியது பெரும்பாக்கத்தைப் பற்றி. நான் அங்கிருந்து நடக்கிற தூரத்தில், மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன். சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் கவிதை எழுதுகிறவன் என்பது இந்தப் பத்திரிகைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் பார்த்துத் திரிந்தவன் என்பது இந்தப் பத்திரிகைக்கு உள்ளே யாருக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே இடத்தில் ஒப்புக்கொள்ள இது ஒரு சந்தர்ப்பம்.

நண்பரின் வாதம் சுருக்கமானது. பல் டாக்டர், என்ஜினீயர், சமூகப்பணி படித்தவர் என்று இளைஞர்கள் சிலர் ஓராண்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, பொது சுகாதாரத்துக்காகக் குரல் கொடுக்கும் ஃபெல்லோஷிப் ஒன்றில் சேருகிறார்கள். மாதம் ஓர் உதவித்தொகை, ஒரு குடியிருப்பு, ஓர் அறிக்கை, ஒரு மாநாடு. இளைஞனுக்குக் கிடைப்பது பயோடேட்டாவில் ஒரு வரி. குடியிருப்புக்குக் கிடைப்பது இன்னொரு சர்வே. இது ஏழ்மையை மூலதனமாக வைத்து நடத்தும் தரகு. கோபப்பட வேண்டிய இளைஞனை அறிக்கை எழுத உட்காரவைத்து அவன் கோபத்தை ஆற்றிவிடும் ஏற்பாடு. இவ்வளவுதான் நண்பர் சொன்னது. பாதிக்கு மேல் உண்மை. மீதிதான் பிரச்னை.

எதிர்த்தரப்பின் துண்டுப் பிரசுரத்தையும் வாங்கிப் படித்தேன். தலைமைப் பண்பு வளரும், தொடர்புகள் கிடைக்கும், கொள்கை வகுப்பவர்களிடம் பேசும் திறன் கைவரும் என்று போட்டிருக்கிறது. நண்பருக்கு இதைப் படித்துத்தான் எரிச்சல் வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். அவர்கள் இளைஞனின் பையைத் திறந்து, உள்ளே இவ்வளவு இருக்கிறது பாருங்கள் என்கிறார்கள். நண்பர் அதே பையைத் திறந்து, இவ்வளவு திருடியிருக்கிறான் பாருங்கள் என்கிறார். பை ஒன்றுதான். அந்த இளைஞன் யார் வீட்டுப் படியில் உட்கார்ந்து எதைக் கற்றான், எதை இழந்தான் என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

*

முதலில் இடம். பெரும்பாக்கத்துக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதிய கட்டடம் அங்கேதான் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறந்தார்கள். கருத்தரங்கம் முடிந்து, பையும் குறிப்பேடும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் உயரமான கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். என்ன கட்டடம் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதே ஊரில் உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பெயர் போன பெரிய தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலம். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டு உலகப் புகழ் பெற்றது. மொழிக்கு ஒரு மாளிகை, ஈரலுக்கு ஒரு மாளிகை, பறவைக்கு ஒரு சர்வதேச ஒப்பந்தம். இவற்றுக்கு நடுவே 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு எட்டு அடுக்குகளாக.

அந்த வீடுகளைக் கட்டியது குடிசை மாற்று வாரியம். 1970-இல் தொடங்கியது, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. தொடக்க காலத்தில் வாரியம் பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே உயரம் குறைந்த மாடிவீடு கட்டியது. பிறகு நகரத்தில் நிலத்தின் விலை ஏற ஏற, ஜனங்கள் நகரத்தைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவனுக்கு வேலை, பள்ளிக்கூடம், கடன் கொடுக்கிற மளிகைக்கடை எல்லாம் 20 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன.

இன்னொன்று நிர்வாக விஷயம். சலிப்பாக இருந்தாலும் கேளுங்கள். குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் பெரும்பாக்கம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இல்லை. அன்றைக்கு அது காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஓர் ஊராட்சி. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. நகரத்தின் ஜனங்களை நகரத்தின் கணக்கிலிருந்தே கழித்தாகிவிட்டது. கட்டடம் ஒருவர் பொறுப்பு, தெரு ஒருவர் பொறுப்பு, காய்ச்சல் ஒருவர் பொறுப்பு. ஒரு கொசு முட்டையிடும்போது எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இடுகிறது என்று பார்த்து இடுவதில்லை. என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தை வெவ்வேறு மேஜைகளில் சொல்லிக்கொண்டிருந்ததில் கழிந்தது.

*

இந்த இடத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், பல் டாக்டர். ஒரு பையன், பழைய மகாபலிபுரம் சாலையில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இருந்தவன். அனுப்பிய ஸ்தாபனத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓய்வு பெற்ற ஆள், உள்ளூர் தெரியும் என்று யாரோ சொல்லி, எனக்குப் போன் செய்து இவர்களுக்கு வழிகாட்டச் சொன்னார்கள். கையில் கேள்வித்தாள் இருந்தது. யாரோ ஆங்கிலத்தில் எழுதி யாரோ தமிழ்ப்படுத்தியது. முதல் கேள்வி: சுகாதார சேவைகள் உங்களுக்கு அணுகத்தக்கவையாக உள்ளனவா? மிகவும், ஓரளவு, இல்லை.

ஆறாவது மாடியில் ஓர் அம்மாள். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வந்தவர். அங்கே நாலு வீடுகளில் வேலை செய்தவர். இங்கே வந்து கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். கேள்வியை இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரி கீழதாம்மா கீது. கீழ எறங்கறதுதான் கஷ்டம். லிப்ட்டு ஓடல."

பல் டாக்டர் 'ஓரளவு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கற்றுக்கொள்வதற்கு முன் ஒருவர் எங்கே டிக் அடிக்கிறார் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பையன் விளக்கினான்: "நாங்க உங்களுக்காகப் பேசத்தான் வந்திருக்கோம், அக்கா."

"நீங்க வக்கீலா?"

"இல்ல. ஆனா கிட்டத்தட்ட அந்த மாதிரி."

"வக்கீலு நமக்காகப் பேசணும்னாலே நாம வக்காலத்துல கையெழுத்து போட்டுத் தரணும். வூட்ட இடிச்சப்ப கோர்ட்டுக்குப் போனோமே, போட்டுத் தந்தேன். ஒங்களுக்கு யாரு தம்பி போட்டுத் தந்தா?"

பையன் சிரித்தான். வேறு வழியில்லாமல் சிரித்த சிரிப்பு. அன்று இரவு முழுவதும் எனக்கு அந்தக் கேள்விதான். இந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் வைக்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். பரப்புரை என்றார்கள், அது தேர்தல் வாசனை அடிக்கிறது. பரிந்துரை என்றார்கள்; அது சிபாரிசுக் கடிதம். ஆதரவு திரட்டல் என்றார்கள். அது ஆள் சேர்ப்பு. வக்காலத்து என்ற சொல் மட்டும்தான் பச்சையாக விஷயத்தைச் சொல்கிறது. அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். கொடுக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர். கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். நம் புழக்கத்தில் 'அவனுக்கு நீ என்ன வக்காலத்தா?' என்று கேட்டால் அது வசை. கேட்காமலே பேச வந்தவனுக்கு ஜனங்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

நண்பரே, உங்கள் கட்டுரை முழுவதும் தேடிய ஆயுதம் இது. உங்களுக்குக் கிடைக்கவில்லை, ஆறாவது மாடியில் கிடைத்தது.

*

லிஃப்ட் எப்படிப் பொது சுகாதாரம் ஆகும் என்று கேட்பீர்கள். நாங்கள் போன அலுவலகத்திலும் அதைத்தான் கேட்டார்கள். லிஃப்ட் கான்ட்ராக்டர் விஷயம், இங்கே நோய் மட்டும்தான் என்றார் ஒருவர். இன்னோர் இடத்தில், நோய் என்றால் அங்கே போங்கள், இங்கே கட்டடம் மட்டும்தான் என்றார் இன்னொருவர். 1939-இல் சென்னை மாகாணம் பொது சுகாதாரச் சட்டம் ஒன்று போட்டது. தண்ணீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, திருவிழாக்கூட்டம், தாய் சேய் நலம் எல்லாம் அதில் உண்டு. எட்டு அடுக்கில் ஏழைகளைக் குடிவைக்கலாம் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, அதனால் லிஃப்ட் இல்லை. ஆனால் ஆறாவது மாடியில் நிறைமாதக்காரி ஒருத்தி இருக்கிறாள், லிஃப்ட் நின்றுவிட்டது என்றால் அது தாய் சேய் நலமா, கட்டட பராமரிப்பா? சர்க்கரைக்கு மாத்திரை வாங்க மாதாமாதம் இறங்க வேண்டிய கிழவர், முழங்கால் வலியால் இரண்டு மாதம் இறங்கவில்லை என்றால் அது யாருடைய பதிவேடு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்கிற திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது, நல்ல திட்டம். கொண்டுபோகிற பெண்ணுக்கும் முழங்கால் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பையன் செல்போனில் ஒரு செயலி செய்துவிடலாம் என்றான். அந்த அம்மாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று கேட்டார். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து நோட்டைக் கயிற்றில் கட்டி, பேனாவை இன்னொரு கயிற்றில் கட்டினார்கள். தேதி, எந்த லிஃப்ட், எப்போது நின்றது, எப்போது ஓடியது. பல் டாக்டர் இரண்டு கட்டம் போட்டாள்: ஓடுகிறது, ஓடவில்லை.

"ஓடுது, ஆனா ஆறுல நிக்கமாட்டேங்குது. அத்த எதுல போடறது?" என்றார் அம்மாள்.

மூன்றாவது கட்டம் அன்றுதான் வந்தது. என் தொழிலில் கொசுப்புழு எண்ணுவோம். நூறு வீட்டில் எத்தனை பாத்திரத்தில் புழு என்பது ஒரு கணக்கு. பார்த்த பாத்திரங்களில் எத்தனைக்குப் புழு என்பது இன்னொரு கணக்கு. எது பாத்திரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை பாத்திரமா? ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேருகிற தட்டு பாத்திரமா? அதைத் தீர்மானிக்கத் தெரியாதவன் எண்ண ஆரம்பித்தால் அவன் எண்ணுவது அவனுடைய அறியாமையை. பின்னத்தில் மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் பார்ப்பார்கள். கீழே இருக்கும் எண்ணை யார் வைத்தார்கள் என்று கேட்பவன்தான் வேலை தெரிந்தவன். லிஃப்ட் நோட்டில் கீழே இருக்கும் எண்ணை வைத்தது அந்த அம்மாள். ஃபெல்லோஷிப்பில் அந்தப் பெண்ணுக்கு முதலில் கிடைத்தது இதுதான் என்று நான் சொல்வேன். வகுப்பில் பாடமாக ஏற்கெனவே படித்திருந்தாள். பாடம் வேறு, எதிரே ஒருத்தி நின்று, உன் கட்டத்துக்குள் என் வாழ்க்கை அடங்கவில்லை என்று சொல்வது வேறு.

மூன்று மாதம் நோட்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதினார்கள். மழைநாளில் யாரோ பிளாஸ்டிக் உறை போட்டார்கள். நோட்டில் வந்த எண்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நம்மில் யாராவது அதை ஒரு கவிதையில் போட்டுவிடுவோம்.

*

பிறகு டில்லி. மாநாடு. பல் டாக்டர் ஒரு பெரிய சுவரொட்டி தயாரித்துக்கொண்டு போனாள். அதில் அம்மாளின் படம், படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து நிற்கிறமாதிரி. திரும்பி வந்து உற்சாகமாகக் காட்டினாள். அம்மாள் படத்தைப் பார்த்தார். கீழே ஆங்கிலத்தில் இருந்த வரியைத் தொட்டார்.

"நான் இன்னா சொல்றதா போட்டுக்கினு கீற?"

குரலற்றவர்களின் குரல் என்று இருந்தது. பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்குத் தொண்ட நல்லாத்தானே கீது?" என்றார் அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். தன் தொண்டைக்கு ஏதாவது வந்துவிட்டது என்று யாரோ சொல்லியிருக்கிறார்களோ என்பது போல.

இரண்டு வாரம் அந்தப் பெண் வரவில்லை. ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நண்பரே, நீங்கள் சொல்கிற எல்லாமே சரி என்று ஆகியிருக்கும், அவள் ஓடியிருந்தால். அவள் வந்தாள். அறிக்கை முழுவதையும் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து வாசித்தாள். மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் ஏழெட்டுப் பேர். மூன்றாம் நாள் படி நிறைந்துவிட்டது. ஜனங்கள் திருத்தினார்கள். இது பொய் என்றார்கள் ஓரிடத்தில். அது பொய்தான், அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. இதைப் போடாதே, போட்டால் எங்களுக்குத்தான் தொந்தரவு என்றார்கள் இன்னோரிடத்தில், எடுத்துவிட்டாள். கடைசியில் மனு எழுதியபோது கையெழுத்துப் போட்டது ஜனங்கள். அவள் பெயர் அதில் இல்லை. வக்காலத்து அன்றைக்குத்தான் கைமாறியது, ஃபெல்லோஷிப்பின் பதினோராவது மாதத்தில்.

லிஃப்ட் சரியாயிற்றா என்று கேட்பீர்கள். ஆயிற்று. பிறகு நின்றது. பிறகு ஆயிற்று. வெற்றிக் கதை வேண்டியவர்கள் துண்டுப் பிரசுரத்தைப் படிக்கலாம்.

பையன் ஏழாவது மாதமே போய்விட்டான். நல்ல பையன். நல்ல வேலை கிடைத்தது, போனான். அவனைப் பற்றி நண்பர் எழுதியது ஒவ்வொரு எழுத்தும் சரி.

*

நண்பரின் முக்கியமான ஆயுதம், பணம் எங்கிருந்து வருகிறது என்பது. உதவித்தொகை கொடுப்பவன் பார்வையையும் கொடுத்துவிடுகிறான் என்கிறார். 1848-இல் மேல் சைலீசியாவில் டைஃபஸ் காய்ச்சல். பிரஷ்ய அரசாங்கம் 26 வயது டாக்டர் ஒருவரை அனுப்பியது. பெயர் ருடால்ஃப் விர்ஹோ. மூன்று வாரம்கூட அங்கே இருக்கவில்லை. திரும்பி வந்து எழுதிய அறிக்கையில் மருந்துக்குச் சொன்ன இடம் கொஞ்சம். போலிஷ் பேசுகிற ஜனங்களுக்கு அவர்கள் மொழியில் கல்வி, சுயாட்சி, சாலை, வரிச்சுமையைப் பணக்காரன் பக்கம் நகர்த்துவது, இவைதான் சிகிச்சை என்று எழுதினார். அனுப்பியது அரசாங்கம், பயணச் செலவு அரசாங்கத்தினுடையது, அறிக்கை அரசாங்கத்துக்கு எதிராக. அடுத்த ஆண்டு பெர்லினில் அவர் வேலை ஆட்டம் கண்டு, வூர்ட்ஸ்புர்க் போய்ச் சேர்ந்தார். பணம் கொடுத்தவன் கண்ணையும் கொடுக்கிறான் என்பது விதியாக இருந்தால் விர்ஹோ என்று ஒருவர் இருந்திருக்க முடியாது. பெரும்பாலோர் விர்ஹோ ஆவதில்லை என்பது உண்மை. பெரும்பாலான கவிஞர்களும் கவிஞர்கள் ஆவதில்லை. அதற்காக நாம் பத்திரிகையை நிறுத்திவிடவில்லை.

1854-இல் லண்டனில் காலரா. பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்த ஜான் ஸ்னோவின் கதை எல்லோருக்கும் தெரியும். ஹென்றி ஒயிட்ஹெட் என்ற உள்ளூர்ப் பாதிரியாரைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அவருக்கு ஸ்னோவின் கருத்தில் நம்பிக்கை இல்லை; தப்பென்று நிரூபிக்கத்தான் வீடு வீடாகப் போனார். வீட்டுக்காரர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். போகப் போக ஸ்னோ சொன்னது சரி என்று ஆயிற்று. பம்புக்குப் பக்கத்து வீட்டில் முதலில் நோய்வாய்ப்பட்ட குழந்தையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஸ்னோவிடம் கணக்கு இருந்தது. ஒயிட்ஹெட்டிடம் தெரு இருந்தது. ஓராண்டு வந்துபோகிற இளைஞன் ஸ்னோவாக ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் தெருவிலேயே இருக்கிற ஒயிட்ஹெட்டைத் தேடிக் கண்டுபிடிக்காமல் அவனால் ஒன்றும் ஆகாது. நம் ஊரில் ஒயிட்ஹெட் பெரும்பாலும் ஆறாவது மாடியில் ஹவுஸ்கீப்பிங் வேலை முடித்து வந்து சோறு வடித்துக்கொண்டிருப்பார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. 1974-இல் சில இளம் டாக்டர்கள் சேர்ந்து மெடிகோ ஃப்ரெண்ட் சர்க்கிள் என்று ஆரம்பித்தார்கள். மெல்லிசாக ஒரு புல்லட்டின் போட்டார்கள். சிறிய வட்டம், ஓயாத சண்டை, பதிலுக்குப் பதில். டாக்டர்களின் சிறுபத்திரிகை அது. நமக்குத்தான் தெரியாமல் போயிற்று. 1984-இல் ரவி நாராயண், தெல்மா நாராயண் இருவரும் பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலையை விட்டு வந்து கம்யூனிட்டி ஹெல்த் செல் தொடங்கினார்கள். இளைஞர்கள் சமூகத்திலேயே தங்கிப் படிக்க அங்கே ஃபெல்லோஷிப் பிறகு வந்தது. வேலையை விட்டவர்கள் வைத்த பள்ளிக்கூடம் அது. வேலையை மேம்படுத்திக்கொள்ள வைத்த பள்ளிக்கூடங்கள் அப்புறம் வந்தன. இரண்டையும் ஒரே கம்பால் அடிப்பது சோம்பேறித்தனம்.

*

இனி நமக்கு வருகிறேன். நண்பர் கோபித்துக்கொள்ளட்டும்.

சேரியைப் பற்றி, குப்பத்தைப் பற்றி, நம் பத்திரிகைகளில் எத்தனை கவிதை வந்திருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். கூவக்கரையை வைத்து நான் எழுதியதைச் சிலர் பாராட்டினார்கள். அந்தக் கரையில் இருந்தவர்களை லாரியில் ஏற்றியபோது நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. வந்து இறங்கிய ஊரில் குழாய்க் கடைசியில் குளோரின் 0.2 பி.பி.எம். இருக்கிறதா என்று பார்த்தேன். அது என் சம்பளம். கவிதையில் அதைப் போடவில்லை. அது அழகாக இருக்காது என்று நினைத்தேன். ஃபெல்லோ ஒருத்தி படம் எடுத்து டில்லிக்குக் கொண்டுபோனாள். நாம் படிமம் எடுத்துப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தோம். வித்தியாசம், அவளிடம் ஒரு அம்மாள் வந்து இது என்ன என்று கேட்டார். நம்மிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நம் பத்திரிகை அந்தப் படிக்கட்டுக்குப் போவதில்லை. சமூகப் பிரக்ஞை என்று நாம் இத்தனை ஆண்டு சண்டை போட்டது கேள்வி கேட்க முடியாத ஜனங்களைப் பற்றி. சௌகரியமான சண்டை.

தரகு என்று நண்பர் சொன்ன சொல்லை நான் மறுக்கவில்லை. அதை இந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறேன்.

ஃபெல்லோஷிப் நடத்துகிறவர்களுக்கும் என்னிடம் சில வார்த்தை உண்டு. அறிக்கை டில்லிக்குப் போகும் முன் படிக்கட்டில் தமிழில் வாசிக்கப்படட்டும். அங்கே தோற்றால் அது போகவே வேண்டாம். இளைஞனுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்களோ அதையே நோட்டு எழுதுகிற அம்மாளுக்கும் கொடுங்கள். அவருக்குப் பஸ் செலவும் டீயும் கொடுத்துவிட்டுத் தன்னார்வலர் என்று பெயர் வைக்காதீர்கள். அடுத்த வரிசைக்கு ஆள் எடுக்கும்போது, எட்டு மாடி ஏறி மாத்திரை கொடுக்கிற பெண்ணை எடுங்கள். அவளுக்கு ஆங்கிலம் வராது, உங்களுக்கு மாடி வராது, சரியாய்ப் போயிற்று. ஓராண்டு முடிந்ததும் சான்றிதழ் கொடுக்கிறீர்களே, அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் டைரக்டர் அல்ல, ஆறாவது மாடி. அவர் போடவில்லை என்றால் அந்த ஆண்டு வீண். அதையும் அந்த இளைஞன் தன் பயோடேட்டாவில் எழுதிக்கொள்ளட்டும்.

அந்தப் பெண் இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். புரட்சிக்காரி ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், எல்லா ஞாயிறும் இல்லை. நோயாளி ஒருவர் ஒரு மாதமாக வரவில்லை என்றால், எந்த மாடி என்று கேட்கிறாளாம். அவளுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். துண்டுப் பிரசுரத்தில் போடுகிற அளவுக்குப் பெரிதில்லை; நண்பரின் கட்டுரையில் அடங்குகிற அளவுக்குச் சிறிதுமில்லை.

நோட்டு இப்போது நாலாவது. அம்மாளிடம் இருக்கிறது. நண்பர் அடுத்த பதிலை எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். மேடவாக்கம் கூட்டுரோட்டில் நான் நிற்கிறேன். சேர்ந்து போகலாம். கட்டுரையை எடுத்துவரட்டும், படிக்கட்டில் வாசிக்கலாம். லிஃப்ட் ஓடினால் அவர் அதிர்ஷ்டம். ஓடாவிட்டால், வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள மூன்றாவது மாடியில் ஒரு திண்டு இருக்கிறது.